பதினைந்தாவது புறா

12 ஜனவரி, ஞாயிறு

கணவர் இறந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தது முடிந்து ஒன்பது நாள். மாடியில் அவர் வளர்த்த புறாக்களுக்கு இன்றும் நான்தான் கம்பு போட்டேன். முப்பத்திரண்டும் முந்தானையைப் பிடித்து இழுக்கின்றன.

அவர் தம்பி ஹாதி வந்தார். விற்றுவிடலாமாம். "அண்ணன் கைக்குப் பழகுனது அண்ணி. இனிமே அவரு மாதிரி திண்டிவனத்துல கொண்டுபோய் வுட்டா பாதிதான் வீட்டுக்குத் திரும்பும்."

"பாதிக்கு மேல வந்தா?"

"வந்தா வெச்சிக்குங்க. தீனி நான் வாங்கிப் போடுறேன்."

எனக்கு ஏன் இந்த வாய்?

13 ஜனவரி

மகள் லமீஸ் காலேஜில் புள்ளியியல் படிக்கிறாள். விஷயம் கேட்டதும் குதித்தாள். நோட்டில் இரண்டு வரி எழுதச் சொன்னாள். "பாதிக்கு மேல் திரும்பும்" என்று மேலே எழுதினேன்.

"தப்பும்மா. நீ ஆசைப்படுறது கீழ. ஹாதி சின்னத்தா சொல்றதுதான் மேல."

"அதுக்கு எதுக்குடி அவ்ளோ மரியாத?"

"முதல்ல அத நெஜம்னே வெச்சிக்கணும். அது நெஜம்னா இத்தன புறா வர்றது ரொம்ப அபூர்வம்னு தெரிஞ்சாதான் அத கோடு போட்டு அடிக்கலாம்."

மேலே இருப்பது இன்மைக் கருதுகோளாம், கீழே மாற்றுக் கருதுகோளாம். எனக்கு மேல்வரி, கீழ்வரி. இருபது புறா விட வேண்டும். பாதிதான் என்றாலும் பன்னிரண்டு, பதிமூன்று குருட்டாம்போக்கில் வரும். பதினைந்து வந்தால்தான் மேல்வரியை அடிக்கலாம். விட்ட மறுநாள் காலை எட்டு மணி கெடு. பிறகு மாற்றக் கூடாது.

18 ஜனவரி

கெட்டிக்காரப் புறாக்களாகப் பொறுக்கிக் கூடையில் வைத்தேன். "ம்மா, இது போங்கு!" என்று லமீஸ் கத்தினாள். கால் வளைய எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். முதல் சீட்டே சோம்பேறி ஏழாம் நம்பர். அவர் இருந்திருந்தால் உருண்டு சிரித்திருப்பார்.

19 ஜனவரி, ஞாயிறு

ஹாதி திண்டிவனம் போய் ஒன்பது மணிக்கு விட்டார். பத்துக்குள் எட்டு வந்தன. மதியத்துக்குள் பன்னிரண்டு புறா. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் பதினைந்து! லமீஸ் ஒவ்வொன்றாகக் கால் பார்த்தாள். ஒன்றுக்கு வளையமே இல்லை. யார் வீட்டுப் புறாவோ.

"பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் என்னடி பெரிய வித்தியாசம்?"

"நீதானம்மா எழுதுன."

எழுதினேன்தான். இருட்டினால் புறா பறக்காது, இனி எது வரப்போகிறது? அப்போ ஹாதி சொன்னது நிஜமா? "நெஜம்னு ஆகாது. பொய்னு காட்ட முடியல, அவ்ளோதான்" என்கிறாள். எனக்கு அது போதலையே — அவர் போனால் எல்லாமே போயிடுமா?

20 ஜனவரி

ஹாதி ஏழரைக்கே வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழே முக்கால். மாடிப்படியில் தத்தித் தத்தி ஏழாம் நம்பர்! வாலில் பாதி இல்லை, பருந்து பிடுங்கியிருக்கும். நடந்தே ஏறி வருகிறது.

"நடந்து வந்தது கணக்குல உண்டா?"

"திரும்பும்னுதான் எழுதியிருக்கு சின்னத்தா. பறந்துன்னு எழுதல."

மேல்வரியை நானே அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஹாதி இன்றும் கம்பு மூட்டையோடு வந்தார். சொல்லாமலே கூண்டைக் கழுவினார். வளையம் இல்லாத அந்தப் புறா இன்னும் போகவில்லை. முப்பத்துமூன்று என்று எழுதிக் காலில் வளையம் மாட்டினேன்.