தாண்டிப் படித்த பத்தி

அக்கா,

இன்று மதியம் பள்ளிக்கூடத்தில் ஒருவர் மைக் செட் பெட்டியைத் திறந்து வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சூடான ஈயமும் அதோடு உருகும் குங்கிலியமும் சேர்ந்த புகை வராந்தா வழியாக எங்கள் வகுப்புக்குள் வந்தது. வரலாற்று டீச்சர் நடத்தியது எதுவும் அதற்குப் பிறகு என் காதில் ஏறவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முழுப் பொய்யும் இல்லை. நீ போன இந்த நான்கு மாதங்களாக, ஒரு வேலையும் செய்யாமலே எனக்கு அசதியாக இருக்கிறது. அம்மா சாமைக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நீ தை மாதம் வேலூரிலிருந்து திரும்பியபோது, பஸ் நின்ற இடத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் சின்ன மேட்டில் மூன்று முறை உட்கார்ந்தாய். இதயம் வீங்கியிருக்கிறது, இரண்டு மாதம் ஓய்வெடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். பங்குனி பிறந்ததும் நீ வேலை பார்த்த ரேடியோ பட்டறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பங்குனி முடிவதற்குள் வராவிட்டால் உன் இடத்தில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிடுவார்கள். கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். நீ பட்டறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது அன்றுதான்.

"ரெண்டு வருஷம் ரேடியோ கட்டுனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா அம்மா. நான் எங்கடி ரேடியோ கட்டுனேன்? மூணு முனை ஒட்டுவேன், பக்கத்துல கீறவகிட்ட தள்ளிடுவேன். அது பாடுதா, அழுவுதான்னு கூட தெரியாது."

அந்த வாரத்தில்தான் சலீம் பாய் வந்தார். ஆலங்காயத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவர். கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் கிட்டார் வாசிப்பவர். மெட்ராசிலிருந்து தபாலில் வரவழைத்த ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பல்பு போன்ற மூன்று கண்ணாடி வால்வுகள், இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், துளை போட்ட ஒரு தகரத் தட்டு, பொட்டலம் பொட்டலமாகச் சின்னச் சாமான்கள், இருபது பக்கத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் கிட்டாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கிடைக்கும்.

"இத்த நீ கட்டுவியாம்மா? எங்க ஊரு மெக்கானிக்கே கைய விரிச்சிட்டான்."

"கட்றேன் பாய். இதோ எங்க பள்ளிக்கூடத்தம்மா கீறாங்க. அவங்க படிப்பாங்க, நான் ஒட்டுவேன்" என்று என்னைக் காட்டினாய்.

"பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை கச்சேரி. கொர்ருன்னு சத்தம் வந்துச்சுன்னா ஜனம் கல்லால அடிக்கும். உன்ன இல்ல, என்ன." சிரித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். "நல்லா வந்துச்சுன்னா இன்னும் ரெண்டு கோஷ்டிக்காரங்க செட்டு கேக்குறாங்க. எல்லாத்தையும் உங்கிட்டயே எடுத்தாறேன். நீ எதுக்கு வேலூருக்குப் போய் மூச்சு வாங்கணும்?"

அவர் போன பிறகு நீ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய்.

நான் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் ஆள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து உனக்குத் தமிழில் சொன்னேன். நீ ஒட்டு வைத்தாய். ஈயத்தை நம்பி வயரை நிற்க வைக்கக் கூடாது, முதலில் முனையில் சுற்றி அது தானாகப் பிடித்து நின்ற பிறகுதான் ஈயம் என்பாய். சரியாக விழுந்த ஒட்டு மழைத்துளி போல மின்னும்; மங்கலாகப் போனால் உறிஞ்சியெடுத்துவிட்டு மறுபடி வைப்பாய். கால் மணி நேரம் வேலை, கால் மணி நேரம் சுவரில் சாய்வு. அப்படியே பத்து நாள் போனது.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கத்தின் மூன்றாவது பத்தி நீளமாக இருந்தது. வயர்கள் போகும் வழியைப் பற்றியது. வயர்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது போல ஏதோ கண்ணில் பட்டது. அது தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். உன்னைச் சீக்கிரம் தூங்க விடலாம் என்றும் நினைத்தேன். அதைத் தாண்டி நான்காவது பத்திக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் நீ தூங்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். தட்டுக்குள் வயர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக, கோயிலுக்குக் கதம்பம் கட்டுவதைப் போலக் கட்டினேன். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வயர், கிட்டார் சொருகும் இடத்திலிருந்து வரும் மெல்லிய வயர், எல்லாம் ஒரே சரத்தில். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, சாமிக்கே போடலாம் போல கீது" என்றாள். நீ எழுந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாய். பட்டறையிலும் வயர்கள் சரமாகக் கட்டித்தான் வரும் என்றாய்.

கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது சலீம் பாய் கிட்டாரோடு வந்தார். சுவிட்சைப் போட்டோம். வால்வுக்குள் சிவப்பாக ஒளி வந்தது. அதன் பின்னாலேயே பாறையில் தேனீக் கூடு கலைந்தது போல ஒரு இரைச்சல். அவர் கிட்டாரை மீட்டினார். பாட்டு இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்தது.

"பரவால்லம்மா, பார்க்க ஷோக்காத்தான் கீது" என்றார். அவர் அப்படிச் சொன்னதை உன்னால் தாங்க முடியவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை காலைல வாங்க பாய்."

அவர் போனதும் நீ என்னைக் கேட்டாய். "புக்குல இதப்பத்தி ஒண்ணும் போடலியாடி?"

"இல்லக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். அன்று தனியாக அந்தப் பத்தியைப் படித்தேன். ஹீட்டர் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கித் தட்டின் மூலை ஓரமாகவே கொண்டுபோக வேண்டும். கிட்டாரிலிருந்து வரும் வயர் குட்டையாக, விலகி இருக்க வேண்டும். கடந்தே தீர வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்க வேண்டும். ஒருபோதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது. எல்லாம் இருந்தது. ஆனால் அதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால், இல்லை என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

நீயாகவே கண்டுபிடித்தாய். சுவிட்ச் போட்டபடியே, உலர்ந்த மூங்கில் குச்சியால் சரத்தை இங்கே ஒரு தள்ளு, அங்கே ஒரு தள்ளு. ஓரிடத்தில் தள்ளியபோது இரைச்சல் பாதியாகக் குறைந்தது. "பாத்தியா! பக்கத்துல பக்கத்துல படுக்கவச்சா சண்ட போடுதுங்க." உனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் போட்ட முடிச்சுகளைப் பிளேடால் அறுக்கும்போது மட்டும், "அழகாத்தான் கட்டுன, இன்னா பண்றது" என்றாய்.

இரண்டு பகல் முழுக்கக் குனிந்தே இருந்தாய். பாதி வயர்களைப் பிடுங்கி எடுத்து மறுபடி வைத்தாய். இரண்டாம் நாள் உன் உதடு நீலமாக இருந்தது. அம்மா திட்டினாள். "இந்த டப்பாவுக்காகச் சாவப்போறியாடி?" நான் ஈயக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சுவிட்ச் போட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை. ஒயர் விட்டுப்போச்சோ என்று சலீம் பாய் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு தந்தியைத் தொட்டார். வீடு நிறைந்தது. நீ எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கை தட்டினாய். வேலூர்ப் பட்டறைக்கு நான் எழுதிய பதிலில் நீ சொன்னது ஒரே வரி: வரவில்லை.

சித்திரையில் இரண்டாவது பெட்டி வந்தது. "மொதல்லேர்ந்து படி, மறந்துபோச்சு" என்றாய். இந்த முறை எதையும் விடவில்லை. பதினோராம் பக்கம் வந்தது. மூன்றாவது பத்தியையும் படித்தேன். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை. நீ கையிலிருந்த வயரை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாய்.

"நல்ல புக்குடி. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான்."

பிறகு, "ம், அடுத்தது படி" என்றாய்.

திட்டியிருக்கலாம் அக்கா. ஒரு அறை கொடுத்திருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல நேரம் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வைகாசி இரண்டாம் வாரம் நீ போய்விட்டாய். அந்த இரண்டு பகல் இல்லாமலிருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பாய் என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது செட் பாதியில் நின்றது. சலீம் பாய் எடுத்துப்போக வந்தார். வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன் பாப்பா, நீ படிப்பைப் பார் என்றார். நான் கொடுக்கவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நிறைய மங்கல் ஒட்டுகள் போட்டேன், உறிஞ்சியெடுத்தேன், மறுபடி போட்டேன். விரலில் மூன்று இடத்தில் சுட்டுக்கொண்டேன். போன ஞாயிறு சுவிட்ச் போட்டோம். இரைச்சல் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா கை அப்படியே கீது" என்றார்.

அப்படி இல்லை. முதல் இரண்டு வால்வு வரைக்கும் ஹீட்டர் வயர் உன் கையால் முறுக்கியது. ஒவ்வொரு முறுக்கும் ஒரே அளவில், இறுக்கமாக இருக்கிறது. அதற்கு அப்புறம் கொஞ்சம் தளர்ந்து, மேலும் கீழுமாகப் போகிறது. அது நான். அடித்தட்டை மூடித் திருகிவிட்டோம். அந்த இடம் எங்கே என்று இனி யாரும் பார்க்கப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டே நான் அதைத் தொட்டுக் காட்டுவேன்.