கச்சான் காற்றும் ஒரு டோப்பாவும்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
12-6-1974

மதிப்பிற்குரிய இனிகோ அவர்களுக்கு,

பேபியின் தம்பி வில்பிரட் எழுதுவது. முதலில் ‘அன்புள்ள அத்தான்’ என்றுதான் தொடங்கினேன். “இனிமே அவரு உனக்கு அத்தானா இல்லையான்னு யாருக்குலே தெரியும்?” என்று அப்பா கேட்டதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது தாளில் ‘முடிந்தால் மன்னியுங்கள்’ என்று எழுதினேன். உங்களுக்குப் போகிற கடுதாசியில் ‘முடிந்தால்’ என்ற சொல் வேண்டாம் என்று அதை நானே கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் நீங்கள் வாசலில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் நேர் மேலே மாடி ஜன்னலில் இருந்தேன். உங்கள் சட்டைப் பையில் செருகியிருந்த ரோசாப்பூவைத் தூண்டில் போட்டுத் தூக்கிக் காட்டுவதாகப் பையன்களிடம் பந்தயம். பூவுக்குத்தான் குறி. மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று தூண்டில் நரம்பைத் தள்ளிவிட்டது. ஏதோ மாட்டியதும் கை சுண்டி இழுத்துவிட்டது. தூண்டில் போடுகிறவன் கை அப்படித்தான், யோசித்துக்கொண்டு நிற்காது. ஆனால் மேலே வந்தது மீன் இல்லை.

அது டோப்பா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அறுபது பேர் சிரித்தார்கள். நீங்கள் யாரையும் பார்க்காமல் எழுந்து தெருவில் இறங்கிப் போய்விட்டீர்கள். மோதிரத் தட்டு அப்படியே இருந்தது.

அப்பா தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிற கை. அந்தக் கையிடம் எனக்குக் கிடைத்ததைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மூன்று நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். இதையும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

பொருள் பத்திரமாக இருக்கிறது. பூனை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகஸ்ட் பன்னிரண்டு என்று பேச்சு. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். முதல் ஓலை ஜூலை இருபத்தொன்று. வாசிக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்கிறார். உங்களைக் கேட்கச் சொல்லி அப்பா சொல்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அத்தான் என்று கூப்பிடக் காத்திருக்கும்
வில்பிரட்


கொச்சி
19-6-1974

செல்வன் வில்பிரட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கீழ்க்கண்ட பொருளை ரிஜிஸ்டர் பார்சலில் என் அறை முகவரிக்கு அனுப்பவும். துறைமுக ஆபீஸ் முகவரிக்கு வேண்டாம். செயற்கை முடி, ஒன்று. உள்ளே இருப்பது என்னவென்று பார்சலின் மேல் எழுத வேண்டாம்.

மற்ற விஷயத்தில் உன் அப்பாவுக்கோ அக்காவுக்கோ எந்தக் கட்டாயமும் இல்லை. ஓலை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இனிகோ


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
24-6-1974

அன்புள்ள அத்தான்,

மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதாக நீங்களே எழுதிவிட்டதால் இனி அத்தான்தான். ஆட்சேபணை இருந்தால் ரிஜிஸ்டர் தபாலில் தெரிவிக்கவும்.

பார்சலில் ஒரு சிக்கல். பொருள் இப்போது என் கையில் இல்லை. அக்கா எடுத்து எங்கேயோ வைத்திருக்கிறாள். எங்கே என்று கேட்டால், “உன் வேலையப் பாருலே” என்கிறாள். என் வேலையைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். உங்கள் தலைக்கு என்ன வழி என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். யாருக்கு என்று எங்கும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

முதலில் ஓட்டப்பிடாரத்துக்குப் பஸ் ஏறி தாணுலிங்கம் வைத்தியரைப் பார்த்தேன். “புழுவெட்டுன்னா வட்டம் வட்டமா விழும். சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்லுவேன், அது பாதி தானாவே முளைச்சிரும். நெத்தியிலருந்து பின்வாங்குதது வேற தம்பி. அதுக்குத் தைலம் கேட்டா குடுப்பேன், குளிர்ச்சியா இருக்கும். முளைக்கும்னு சொல்லி விக்க மாட்டேன்” என்றார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். தலைப்பாகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நம்ம ஊர் உப்பளம், அப்படி ஒரு பளபளப்பு. நேர்மையான மனுஷன்.

அடுத்தது சுறா எண்ணெய். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லுமுன் சோதித்துப் பார்க்க வேண்டாமா? என் மேலுதட்டில் ஐந்து நாள் தடவினேன். மீசை வரவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் மூன்று பூனைகள் வந்தன.

சலூன் தேவமணி அண்ணாச்சி மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்கிறார். “இருக்கிற முடியை வழிச்சா இல்லாத முடி எப்படி அண்ணாச்சி வரும்?” என்றேன். “படிக்கப் போட்டு உன்னக் கெடுத்துட்டாங்கலே” என்றார். உங்கள் டோப்பாகூடத் திருச்செந்தூரிலோ திருப்பதியிலோ யாரோ நேர்ந்துகொடுத்த முடியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். அப்படியானால் இத்தனை நாளும் பூசைக்கு முருகனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு பத்திரிகை விளம்பரம். மூன்றே மாதத்தில் கருகருவென்று வளருமாம். முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இருப்பவருக்கு வலது கன்னத்தில் மச்சம் இருக்கிறது, இரண்டாவது படத்தில் இல்லை. முடி முளைத்தால் மச்சம் உதிருமோ என்னவோ.

நீங்கள் என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்? எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கச்சான் அடங்கும்வரை தோணி ஓடாது. அப்பா முழு நேரமும் வீட்டில்தான். எனக்கும் வெளியே போக ஒரு காரணம் வேண்டும்.

உங்கள் மைத்துனன்,
வில்பிரட்


கொச்சி
2-7-1974

அன்புள்ள வில்பிரட்,

மச்சம் உதிர்ந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அறையில் கூட இருப்பவன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியே ஆறு வருடம் ஓட்டிவிட்டேன்.

உன் விசாரணையில் என்னுடையதையும் சேர்த்துக்கொள். இருபத்திரண்டு வயதில் தலையணையில் முடி கிடக்க ஆரம்பித்தது. விளக்கெண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம், முட்டை எல்லாம் ஆயிற்று. முட்டை வைத்த நாளில் ஆபீஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எர்ணாகுளத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். “உங்கள் அப்பாவுக்கு உண்டா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றேன். இதற்கு மருந்து கிடையாது, இருக்கிறது என்று சொல்கிறவனிடம் போகாதே என்று அனுப்பிவிட்டார்.

முடி நடுவது என்று ஒன்று இருக்கிறது. இங்கே வந்த ஜப்பான் கப்பலில் ஒரு இன்ஜினியர் அதைச் செய்துகொண்டவர். சரக்குக் கணக்கு எடுக்கப் போன இடத்தில் பேச்சு வந்து, தொட்டுப் பார்க்கவும் விட்டார். பின்தலையிலிருந்து தோலோடு பொட்டுப் பொட்டாக எடுத்து முன்னால் நட்டிருக்கிறார்கள். சொந்த முடி, வளரும், வெட்டிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் போனால் வரிசை தெரிகிறது, பொம்மைத் தலை மாதிரி. நாலு தடவை கத்தி வைத்தார்களாம். பின்னால் நிறைய இருப்பவனுக்குத்தான் அது. எனக்குப் பின்னாலும் கடன் கொடுக்கிற நிலைமை இல்லை.

மிச்சம் இருந்தது டோப்பா. மதராஸில் நாடகக்காரர்களுக்குச் செய்கிற ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்தேன். பார்ப்பதற்கு அதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். வேர்த்தால் பசை இளகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார முடியாது. கடலில் இறங்கிப் பல நாள் ஆயிற்று. கடலோர மணப்பாட்டில் பிறந்தவன் நான்.

உங்கள் வீட்டுக்கு அனுப்பிய போட்டோ அறுபத்தெட்டில் எடுத்தது. அதில் இருப்பவனாகப் பெண் பார்க்க வரவேண்டும் என்றுதான் டோப்பாவைச் செய்தேன். மோதிரம் மாற்றியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, கல்யாணம் முடிந்ததும் என்று நினைத்தேன். நிஜத்தில் எப்போதுமே சொல்லியிருக்க மாட்டேன் போலிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்திலேயே எழுதி, அடித்துவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்களே, உன் அக்காவும் சிரித்தாளா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்ததை இருந்தபடி எழுது. சிரித்திருந்தால் அவள் மேல் குற்றமில்லை.

அன்புடன்,
இனிகோ


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
8-7-1974

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். கேள்வி அவளைப் பற்றியது, பதிலை நான் எப்படிச் சொல்வது?

கொல்லையில் இருந்தாள். என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? உங்கள் டோப்பாவைச் சீயக்காய் போட்டு அலசி, மண்குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்து, பேன் சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தூண்டில் முள் கிழித்த இடத்தைத் தைத்தும் வைத்திருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்ததும் முந்தானையால் மூடினாள். குடத்துக்கு வெட்கம் வந்த மாதிரி இருந்தது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் எதுக்குலே சிரிக்கணும்? எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எப்பம் தெரியும்?”

“மே மாசம் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே. அப்பா தோணியக் காட்டுதேன்னு எல்லாரையும் பழைய துறைமுகப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாருல்லா? என்ன காத்து! என் சேலை நிக்கல. அப்பாவுக்கு இருக்கிற நாலு முடியும் நட்டமா நின்னுச்சு. அங்கன நின்ன அத்தனை பேரு தலையும் பறந்துச்சு. அவரு தலை மட்டும் போட்டோ மாதிரி இருந்துச்சு.”

“அப்பமே சொல்லியிருக்கலாம்லா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவரு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்ல வாரவரு மாதிரியே ரெண்டு தடவை என்னப் பாத்தாரு.”

“இப்பம் கோவம் எதுக்கு?”

“முடி போனதுக்குன்னா நெனச்ச, கோட்டிப்பய! என்னைய ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்லா? அறுபது பேரோட சேத்து என்னையும்ல விட்டுட்டுப் போனாரு.”

சீப்பைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான், இதுவரை நான் எழுதியதில் நாலில் ஒரு பங்கு அளப்பு இருக்கும். இதில் இல்லை. சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஓலை வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடப் போவதாக அப்பா சொல்கிறார்.

வில்பிரட்


திரேஸ்புரம்
15-7-1974

அன்புள்ள அத்தான்,

சனிக்கிழமை போய்விட்டது. அப்பா சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று அக்காதான் சொன்னாள். ஐந்து வாரத்தில் இந்த விஷயத்தில் அவள் அப்பாவிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவள் வாசலைக் கூட்டுகிறாள். காலையில் கூட்டிய வாசலை.

எனக்கு இன்றைக்கு வேடிக்கையாக எழுத ஒன்றும் வரவில்லை. அந்த நரம்பை அன்றைக்கே அறுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் உங்களிடம் சொல்ல நினைத்தேன்.

வில்பிரட்


கொச்சி
17-7-1974

அன்புள்ள வில்பிரட்,

பதில் எழுதத் தாமதித்தது கோபத்தால் இல்லை. வெட்கத்தால். அந்தப் பாலத்தில் நான் அவ்வளவு கவனமாக நின்றதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, நாலு நாள் பேனாவை எடுக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் வேறொன்று தோன்றியது. மே மாதமே தெரியும் என்கிறாள். அப்படியானால் ஜூன் ஒன்பதாம் தேதி நிச்சயதார்த்தத்துக்குத் தெரிந்துகொண்டேதான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை யோசிக்க எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

தைலம், நடவு, டோப்பா மூன்றையும் நாம் ஒப்பிட்டாயிற்று. நாலாவதாக ஒன்று இருக்கிறது, சும்மா இருப்பது. அதை மட்டும் நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். அன்று மாலையே திரும்ப வேண்டும், லீவு அவ்வளவுதான். அப்பா முன்னால் முதலில் வந்து நிற்கத் தைரியமில்லை. பழைய துறைமுகப் பாலத்து முனையில், அன்று நின்ற அதே இடத்தில் நிற்பேன். அவளுக்கு வர விருப்பமிருந்தால் கூட்டிக்கொண்டு வா. விருப்பமில்லை என்றால் நீ மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போ, நான் புரிந்துகொள்வேன்.

என்னை அடையாளம் கண்டுகொள்வது சிரமமாக இருக்காது.

தூண்டில் கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
இனிகோ


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
22-7-1974

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சனிக்கிழமை பாலத்தில் நீங்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கச்சான் நம் பக்கம். எல்லாவற்றையும் என் பக்கமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

அக்கா காலையிலேயே டோப்பாவைக் கடுதாசியில் சுற்றி எடுத்துவைத்தது உங்களுக்குத் தெரியாது. பார்சலை உங்களிடம் கொடுத்து, “வேணும்னா வச்சுக்கிடுங்க, வேண்டாம்னா விடுங்க. எதுனாலும் என்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்க” என்று அவள் சொன்னபோது, நீங்கள் அழுதீர்களா, கண்ணில் உப்புக்காற்று பட்டதா என்று நான் கேட்க மாட்டேன். வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் உங்கள் கண்ணைத்தான் பார்த்தார். தலையைப் பார்க்கவே இல்லை. நான் கவனித்தேன்.

நீங்கள் அவளிடமே திருப்பிக் கொடுத்த பார்சல் அலமாரியில், கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில், பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருக்கிறது. கல்யாணப் போட்டோவுக்கு அது வேண்டுமா என்று யோசித்துச் சொல்லலாமாம், அவசரமில்லையாம்.

நேற்று இரண்டாம் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். உங்கள் பேர், அக்கா பேர், ஊர் எல்லாம் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார் சாமியார். நான் கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்தேன். அப்பா என் வாயைப் பொத்திவிட்டார். பிரசங்கம் முடிகிறவரை கையை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. மூக்கால் மூச்சுவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கீழே நாலு வரிக்கு இடம் விடச் சொல்லி அக்கா கேட்டாள். நான் பார்க்கக் கூடாதாம். பார்க்கவில்லை. இதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் மைத்துனன்,
வில்பிரட்


சனிக்கிழமை போகும்போது உங்கள் நெற்றி வெயிலில் சிவந்திருந்தது. அங்கேயும் வெயிலில்தானே நின்று வேலை. தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வரும்போது கழற்றிவிடுங்கள்.

பேபி