எல்லாத் திசையிலும் ஒரே சிக்னல்

3 ஜூன் 2025, செவ்வாய்

குரங்கணி. காலையிலிருந்து சாரல். செல்போன் டவரின் சிக்னல் எங்கெங்கே எட்டுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. ஜீப்பு போகாத கடைசி மேட்டை ஏறினால் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் லயம், பதினெட்டு வீடு. ஒரு வீட்டிலும் சிக்னல் இல்லை. கம்பெனி வரைபடத்திலோ டவரைச் சுற்றிப் பச்சை வட்டம்; லயம் அதற்குள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

போன் பேச மேலே பாறைக்குப் போகவேண்டும். இருபது நிமிட ஏற்றம். மூன்றாம் வீட்டு மொக்கம்மாள் சொன்னார்: "போன ஐப்பசில இவரு வெறகு கட்டுறப்ப விழுந்தாரு. வாயி கோணிப்போச்சு. கெடந்த ஆளை அப்படியே விட்டுட்டுப் பாறைக்கு ஓடுனேன் ஆத்தா, ஜீப்பைக் கூப்பிட. மழையில அங்கயும் வெரசா லைன் கெடைக்கல." இன்னும் முன்னால் வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். கணவர் சோணைக்கு இடது கை இன்றுவரை எழவில்லை.

5 ஜூன்

மதுரையிலிருக்கும் மேலாளர் ஈஸ்வருக்குப் போன் செய்தேன். "மேப்புல கவர் ஆகுதுல்ல? அப்புறம் என்ன ரோஜா?" வட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஐசோட்ராபிக் கணக்கு. எல்லாத் திசைக்கும் சமமாப் போட்டிருக்கோம்."

சமமா! டவரில் இருப்பதே இரண்டு ஆன்டெனா. ஒன்று ரிசார்ட்டைப் பார்க்கிறது, இன்னொன்று ரோட்டை. லயத்துக்கு முதுகுதான்.

6 ஜூன்

ஆத்திரத்தில் அந்தச் சொல்லையே தேடி உட்கார்ந்தேன். பள்ளியில் 'திசையொப்புப் பண்பு' என்று மனப்பாடம் செய்தது. கிரேக்கத்தில் ஐசோஸ் சமம், ட்ரோப்போஸ் திருப்பம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். கண்ணாடிக்குள் ஒளி எந்தப் பக்கம் போனாலும் ஒரே வேகம். சில படிகங்களில் திசைக்குத் திசை வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் பெயரே வைத்தார்கள்.

பிறகு ஆன்டெனாக்காரர்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அலை வீசும் ஆன்டெனா ஒன்றை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, அதை வைத்து மற்றவற்றை அளந்தார்கள். அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. அதையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வானத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும், பிரபஞ்சம் பிறந்த காலத்துப் பழைய அலைக்கும் இதே சொல்தானாம். பிரபஞ்சத்துக்கே 'ஏறக்குறைய' போடுகிறார்கள். எங்கள் கம்பெனிக்கு மட்டும் அச்சு அசலான வட்டம்! யோக்கியமான ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இப்படியா ஊரை ஏமாற்றுவது?

9 ஜூன்

எந்த மகராசன் இந்த வட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டான் என்று பார்க்கப் பழைய ஃபைலை எடுத்தேன். ஜூலை 2024. 'நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டது.'

கீழே என் கையெழுத்து.

கையெழுத்துப் போட்ட எத்தனையோ டவரில் ஒன்று, மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு ரோடு சரிந்து கிடந்தது. ஜீப்பு ஓட்டும் ராக்கையா அண்ணன், "நடந்து போயிருவோம்மா" என்றார். நான்தான், "மேப்புலதான் இருக்குல்லண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றேன். ஐப்பசிக்கு மூன்று மாதம் முன்னால்.

இத்தன நாளும் நான் யாரை வைஞ்சுக்கிட்டு இருந்தேன்?

10 ஜூன்

ராக்கையா அண்ணனைக் கூப்பிட்டேன்: மறுபடி லயத்துக்குப் போகணும், நடந்தாவது.

13 ஜூன்

மறுபடி ஏறிப் பதினெட்டு வாசலிலும் அளந்தேன். வரைந்தால் வட்டமாக வரவில்லை, ஒரு பக்கம் கடித்த அப்பளமாக வருகிறது. கடிபட்ட இடத்தில் லயம். மொக்கம்மாள் வரக்காப்பி கொடுத்தார். குடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை — சீ, என்ன பிறவி நான்.

அறிக்கையில் மட்டும் எழுதினேன்: சென்ற ஆண்டு நான் லயத்துக்குப் போகாமலே கையெழுத்திட்டேன். அரசின் புகார்ப் பிரிவுக்கும் ஒரு நகல்.

"ஒந் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியே!" ஈஸ்வர் கத்தினார். அவர் தலையிலும் கொஞ்சம் விழுந்திருக்கும்.

30 ஜூன்

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

18 ஆகஸ்ட்

போடியில் கேமரா மாட்டித் தரும் கடையில் வேலை. மத்தியானம் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"ரோஜாவா? மொக்கம்மா பேசுறேன். மூணாவதா ஒரு ஆன்டெனா மாட்டியிருக்காக. ராக்கையாகிட்ட நம்பர் வாங்குனேன். அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"எங்க இருந்து பேசுறீங்கம்மா?"

"அடுப்படிலருந்துதான். பேச்சை மாத்தாத. வராமலே கையெழுத்துப் போட்டவ நீதானா? இந்த மனுசன் ஒத்தயிலே கெடந்தாரே, ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

ஆறு நிமிடம் திட்டினார். நடுவில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.