சோதனை நகலுக்கு என் பேர்

ஏடி, பெரிய நியூஸ், நம்ம பூ விலை சைட்டை இன்னைக்கு நானே அப்டேட் பண்ணிட்டேன், ஒரு நிமிஷங்கூட நிக்கல!

மதியம் உன் லேப்டாப்பைத் திறந்ததும் அந்தச் சிவப்பு வட்டம் கண்ணில் பட்டது. பதினொரு அப்டேட். அதைப் பார்த்தால் உனக்குச் சோறு இறங்காது. "அப்டேட் வந்துருச்சுன்னாலே, பழசுல ஓட்டை இருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்டி. நாம அடைக்கிறது முந்துதா, திருடன் வாரது முந்துதான்னுதான் இனிமே போட்டி" என்பாய்.

ஒரே வீடியோக்களைப் பார்த்துத்தான் இருவரும் கற்றுக்கொண்டோம். ஆனால் சேவுகம்பட்டிப் பூ விவசாயிகள் உன்னை மட்டும்தான் கூப்பிடுவார்கள். வயிறு எரியும். காய்ச்சலில் நீ செத்துப்போன அன்றும் எரிந்தது. அழுதுகொண்டே பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதைவிட எரிச்சல், உன் சோதனை நகல். சைட்டை அப்படியே நகலெடுத்துத் தனியாக வைத்து, எந்த அப்டேட்டையும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பாய். அதற்கு 'ஜெசி' என்று என் பேரையே வைத்திருந்தாய்.

"ஏன்டி, எம்பேருதான் கெடச்சுச்சா?"

"எதையும் மொதல்ல ஒடைக்கிறது நீதான!"

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

நீ போன பிறகு சைட் என் கைக்கு வந்தது. அந்தப் பழைய கோபத்தில்தான் போன மாதம் ஜெசியைத் தொடவே இல்லை. உன்னைவிட வேகமாக முடித்துக் காட்டுகிறேன் என்று, சந்தை கூடும் நேரத்தில் அப்டேட்டை நேரே சைட்டிலேயே போட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது. மல்லிகை விலை தெரியாமல், வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்ட மாரியண்ணன் போன் போட்டார்.

"அந்தப் புள்ள இருந்தா இப்புடி ஆகுமா தாயி? இன்னொரு தடவ நின்னா வேற ஆளுகிட்ட குடுத்துருவோம், ஆமா."

தினமும் தானாகச் சேமிக்கும்படி நீ அமைத்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்துதான் சைட்டை மீட்டேன். போன பிறகும் நீதான் ஜெயித்தாய்.

இன்று முதலில் ஜெசியில் போட்டேன். உடைந்தது! விலைப்பட்டியலையே காணோம். பக்கத்து ஜன்னலில் நிஜ சைட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிரித்தேன், செத்த நேரம் அழுதேன், தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். பிறகுதான் சைட்டில் கை வைத்தேன்.

சாயங்காலம் மாரியண்ணன் கூப்பிட்டார். "இப்ப வெரசாத் தொறக்குது தாயி. அந்தப் புள்ள எம்புட்டு நல்லாச் செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கு!"

நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாண்ணே" என்றுதான் வந்தது. இன்னும் எரிகிறது, போ. நகலின் பேரை மட்டும் மாற்றமாட்டேன்.

உனக்கு எழுதிய இதை நம் வாட்ஸப் குரூப்பிலும் போடுகிறேன். அவளைத் தெரிந்தவர்களே, உங்கள் சைட்டில் சிவப்பு வட்டம் இருந்தால் இன்றே நகலில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் எனக்கு எழுதுங்கள். உடைப்பதில் அவளைவிட எனக்குத்தான் அனுபவம் அதிகம்.