1904-இல் ஓய்வு பெற்றவள்

12 ஜூன் 2006

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் இன்று முதல் கார்டு கேட். என் கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு. வாட்ச்மேன் துரை அண்ணன் திரையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா ஐரீனு, நீ 1904லயே ரிட்டயர் ஆயிட்டியாமே! இன்னாத்துக்கு இன்னும் வந்துகினு கீற?"

எனக்கு வயது இருபத்து மூன்று.

13 ஜூன்

கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெரி விளக்கினார். அந்த மென்பொருள் 1970-இலிருந்து ஒவ்வொரு வினாடியாக எண்ணுகிறதாம். 2038 ஜனவரியில் எண் வைக்க இடம் தீர்ந்து, 1901-க்குப் போய் விழுமாம். ஐம்பத்தெட்டில் ஓய்வு என்றால் 1980-க்குப் பிறகு பிறந்த நாங்கள் பதினொரு பேரும் 2038-ஐத் தாண்டுகிறோம். ஆகவே எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டோம். பென்ஷன் எங்கே என்று கேட்க நினைத்தேன்.

19 ஜூன்

துரை அண்ணன் பக்கக் கதவைத் திறந்து விடுகிறார். போகிறேன், வேலை செய்கிறேன், வேர்க்கிறேன். கம்ப்யூட்டரைக் கேட்டால் நான் வரவே இல்லை. இந்த மாதிரி போனால் ஜூலை கடைசியில் பயிற்சிக்காலம் முடிந்ததும் என்னை எப்படி நிரந்தரம் பண்ணுவார்கள்? பயமாக இருக்கிறது.

3 ஜூலை

மேனேஜரிடம் போனேன். மென்பொருளைத் திருத்த ஆறு மாதம் ஆகுமாம். என்னைத் திருத்த ஒரு கையெழுத்து போதுமாம் — பிறந்த வருஷம் 1982 இல்லை, 1979 என்று.

"மூணு வருஷ சர்வீஸ் போயிடுமே சார்."

"முப்பது வருஷம் கழிச்சு யாரும்மா இருக்கப் போறா?"

நான் இருப்பேன் சார். ஐம்பத்தைந்து வயசில், தெம்பாக, கேட்டுக்கு வெளியே.

4 ஜூலை

மற்ற பத்துப் பேரும் கையெழுத்து போட்டுவிட்டார்கள். அம்மா சொன்னாள்: "வேல போச்சின்னா இன்னாடி பண்ணுவே? போட்டுட்டு வா. பொண்ணு பாக்க வர்றவங்கோ கைல மட்டும் இந்தப் புது வயச சொல்லிகினு இருக்காத."

10 ஜூலை

போட்டுத் தொலைத்தேன். பச்சை விளக்கு.

1 ஆகஸ்ட்

நிரந்தரம். மேனேஜர் லட்டு கொடுத்தார். ஊசிப்போன லட்டு.

21 ஆகஸ்ட்

மேனேஜரின் மகன் பயிற்சி அதிகாரியாகச் சேர வந்தான். 1984-இல் பிறந்தவன். சிவப்பு விளக்கு. துரை அண்ணன் சல்யூட் வைத்தபடியே திரையை மறைத்துக்கொண்டார். சென்ட்ரல் பக்கத்திலிருந்து மென்பொருள்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஆறு மாத வேலை, சாயங்கால டீக்குள் முடிந்தது. இனி 2042 வந்தாலும் கவலை இல்லையாம்.

ஜெரியிடம் ஓடினேன். "அப்போ எங்க வருஷத்தையும் பழையபடி மாத்திடுங்க."

அவர் தலை நிமிரவில்லை. "அது நீங்கோளே எய்திக் குடுத்த டேட்டு. அதுல இன்னா தப்பு கீது? கம்ப்யூட்டரே ஒத்துகினு கீதே."

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. நாங்கள் பதினொரு பேர்தான் இன்னும் தப்பாக இருக்கிறோம்.