மூன்று வாரத்து ஊசி

தியாகதுருகம்

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வெயில்தான் தாங்கவில்லை. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் பேசலாமே என்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் உன் மாமியார் நின்று கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன், நீ மட்டும் படி. அப்பா மரவள்ளி பிடுங்க மலைமேல் கரியாலூருக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் இறங்கி வருவார்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவாய் என்று கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டேன், அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தங்கிவிட்டாய். சரி, நானே வருகிறேன் என்று வேலையில் லீவு சொல்லி வைத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் கூட்டி முடித்துக் குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி விரலில் குத்திவிட்டது, யாருக்குப் போட்ட ஊசியோ தெரியவில்லை. அன்றைக்கே ஜூலியா டாக்டரம்மா ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள், மஞ்சள்காமாலை பி வராமல் இருக்க முதல் தடுப்பூசியும் போட்டார்கள். உன்னிடம் சொன்னதற்கு, "ஊசியெல்லாம் முடிச்சிட்டு வாம்மா, கொயந்தைக்கு ஒட்டிக்கும்னு அத்த பயந்துக்கினு இருக்காங்க" என்றாய். வழக்கமான முறையில் இரண்டாவது ஊசி ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். ஆறு மாதம் என்றால் பிள்ளை குப்புற விழுந்துவிடும். அதுவரை காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் சாம்பிராணி காட்டுவதும் எல்லாம் உன் மாமியார்தான். பொய் சொல்ல மாட்டேன் மலரு, எனக்கு வயிறு எரிந்தது.

சீக்கிரம் முடிகிற முறை இல்லையா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று போடலாம், ஆனால் ஒரு வருடம் கழித்து நாலாவதையும் கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். எனக்கு இதுதான் வேண்டும் என்றேன், காரணம் சொல்லவில்லை. ஏழாம் நாள் போட்டுக்கொண்டு வந்து உனக்குப் போன் செய்தேன். எடுத்ததும் நீ யாரிடமோ "அம்மா, தண்ணி குடுங்க" என்றாய். இத்தனை நாள் அத்தை, இப்போது அம்மாவா? ஊசி போட்ட கை அப்போதுதான் வலித்தது.

நேற்று மூன்றாவது ஊசி. "இன்னாங்கம்மா, அப்டி இன்னா அவசரம் உங்களுக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், அழுகையே வந்துவிட்டது. சிரிக்காமல் கேட்டுவிட்டு, "தூக்கறதால, முத்தம் குடுக்கறதால, ஆக்கிப் போடறதால ஒட்டாதுங்க. ரத்தம் படாம பாத்துக்கினா போதும், கையில காயம் இருந்தா மூடிக்கங்க. ஊசி சீக்கிரமா போட்டது உங்களுக்கு நல்லதுதான், ஆனா பேரப்புள்ளய பாக்க இதுக்காகக் காத்துக்கினு இருந்திருக்கவே வேணாம்" என்றார்கள். மூன்று வாரம் வீணாகப் போயிற்று. அங்கே உன் டாக்டரிடம் நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மறுபடி ரத்தம் பார்க்க எனக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஊருக்குத் திரும்பி வந்துவிடுவேன். பதினெட்டாம் தேதி சென்னையில் ரயில் ஏறுகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. இதை உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும்.

படி ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். மாப்பிள்ளையை ராத்திரி வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல். தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிந்து, இரண்டு பேரும் நூறு வயது இருக்க வேண்டும். நான் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால், ஒரு நாளுக்குள் அதற்கும் இந்த மஞ்சள்காமாலை ஊசியைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கு, மறக்காதே. அப்போது உன்னால் எழுந்திருக்க முடியாது, உன் மாமியார்தான் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை துள்ளும், தொடையைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல். அழுது முடிக்கிற வரைக்கும் கீழே விடாமல் வைத்திருக்கச் சொல். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பெரியநாயகி