உதடு வரை மெதுவாக

4 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வேலை முடிந்து புக்கிட் பெருவாங் வீடு வந்து சேர ஆறரை.

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு ஊட்ட நான் செய்துகொண்டிருக்கும் இயந்திரக் கையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் வேகமாகச் சுற்றினால் அழகு. மெதுவாக என்றால் விக்கி விக்கி நகர்கிறது. வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் ஒரு வெட்டு வெட்டியது. கரண்டி உதட்டில் இடித்து, கஞ்சி முழுதும் சட்டையில்.

லாரி விபத்துக்குப் பிறகு இரண்டு கையையும் தூக்க முடியாத மனிதர். துடைத்துவிட்டபோது, "போதும்லா ஸ்டெல்லா. நீயே ஊட்டிடு" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

5, புதன்

வெயில். தலைவலி. மதியம் கிளேபாங்கில் மோட்டார் கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணனுக்கு போன்.

"மோட்டார் நல்லாதான் இருக்கு தங்கச்சி. கண்ட்ரோலர்தான் சரியில்ல. ஒரு சுத்துல ஏதோ சில இடத்துலதான் மோட்டார் எங்க இருக்குன்னு பாக்குது. நடுவுல கண்ண மூடிக்கிட்டு தள்ளுது."

யோசித்தவை:

– சென்சரே இல்லாத கண்ட்ரோலர். மோட்டார் நின்றால் எங்கே நிற்கிறது என்றே அதற்குத் தெரியாது. வேண்டாம்.

– பழைய கண்ட்ரோலரோடு கியர் சேர்ப்பது. கியரின் பற்களுக்கு நடுவே ஆட்டம் இருக்கும். உதட்டருகே ஆகாது.

– என்கோடர், அதாவது சுழற்சியை அளக்கும் சென்சர், வைத்த கண்ட்ரோலர். சின்ன அசைவையும் பார்த்து மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும். தள்ளும் பலத்துக்கும் வரம்பு வைக்கலாம். கரண்டி இவர் பல்லில் பட்டால் நின்றுவிடும்.

மூன்றாவதுதான். செட்டிங் எல்லாம் நானே செய்ய வேண்டும். நினைத்தாலே அலுப்பு.

8, சனி

மூட்டம். புது கண்ட்ரோலர் மாட்டியாயிற்று. செட்டிங்கில் எண்ணைக் கூட்டினால் கொசு மாதிரி ரீங்காரம், கரண்டி நடுக்கம். குறைத்தால் பாதி வழியில் சோம்பி நிற்கிறது. கூட்டி, குறைத்து, கூட்டி. முதுகு விட்டுப்போயிற்று.

நான்கு மணிக்கு ஒரு வழியாக அடங்கியது. குறுக்கே என் விரலை வைத்தேன். தொட்டதும் நின்றது. பத்து தடவை வைத்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் படு ஸ்டெல்லா. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

"நாளைக்கு ஒரு தடவ பாப்போங்க. சரி வரலன்னா தூக்கிப் போட்டுடறேன்."

9, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. மதியம், கஞ்சி. தாடையால் பொத்தானைத் தட்டினார். கரண்டி எழுந்தது. மெதுவாக, சிந்தாமல், உதடு வரை. அடுத்தது. அதற்கடுத்தது. நான் துணியோடு பக்கத்திலேயே.

"ஏன் நிக்கிற? நீயும் தட்டு எடுத்துட்டு வா."

எதிரே உட்கார்ந்தேன். விபத்துக்குப் பிறகு சேர்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் முறை.

"கஞ்சியில உப்பே இல்ல" என்றார்.

"இன்னைக்கா?"

"ரொம்ப நாளாவே."